வீட்டுத்தோட்டத்தில் கொத்தமல்லி: கடைசியாகப் பூப்பதை விதைக்கு விடுங்கள்

எமது வீடுகளில் மல்லி இல்லாத சமையலறை இல்லை. கறித்தூளுக்கு மல்லி, இரசத்துக்கு மல்லி, பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் சரக்குக்கு மல்லி, தடிமன் வந்தால் வேர்க்கொம்போடு அவித்துக் குடிக்கவும் மல்லி. ஆனால் அந்த மல்லிச் செடி எத்தனை வீட்டு வளவில் நிற்கிறது? கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, கீரை எல்லாம் நடுகிறோம். மல்லியை மட்டும் கடைச்சாமான் என்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இலங்கையில் நாம் பாவிக்கும் மல்லியில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருவது. டொலர் ஏறினால் அதன் விலையும் ஏறும். 2022ஆம் ஆண்டில் இதை நாம் நன்றாகவே அனுபவித்தோம். அந்த வருடம் செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்ததும் அந்த வருடத்தில்தான்.

நான் வலிகாமத்தில், செம்மண் தரையில் வீட்டுத்தோட்டம் செய்பவள். அந்த 2022 மாரியிலிருந்து ஒவ்வொரு வருடமும் மல்லி விதைத்து வருகிறேன். இலை, விதை, அடுத்த வருடத்துக்கான விதை நெல் போன்ற இருப்பு என்று மூன்று பயன் ஒரே பாத்தியிலிருந்து கிடைக்கின்றது. அதை எப்படிச் செய்வது என்பதை வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காலம் அறிந்து விதையுங்கள்

"மல்லி எங்கடை மண்ணுக்குச் சரிவராது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மண் சரிவரும், காலம்தான் தவறுகிறது. மல்லி மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையையும் மேற்காசியாவையும் சேர்ந்த பயிர் என்பார்கள். மிகப் பழையது. எகிப்தில் 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமூன் மன்னனின் கல்லறையிலும் மல்லி விதை இருந்தது. குளிர்ச்சியான காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் அவசரமாகப் பூத்துக் காய்த்து முடிவது அதன் இயல்பு. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால், அல்லது வேரில் ஈரம் வற்றினால், இலை விடுவதை நிறுத்தித் தண்டு எறிந்துவிடும். சித்திரையில் விதைத்துவிட்டு இலையை எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்?

வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையின் கடும் பகுதி ஓயும்போது, அதாவது கார்த்திகை நடுப்பகுதி தொடங்கி மார்கழி முடியும்வரை விதைக்கலாம். கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தைப்பொங்கலுக்கு இலை தாராளமாக இருக்கும். விதை பங்குனியில் முற்றும். தை பிறந்த பின் விதைப்பவர்களுக்கு இலை கிடைக்கும், விதை முற்றும்போது வெயில் முந்திவிடும். நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களில் உள்ள சகோதரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கடும் மழை நாட்களைத் தவிர்த்து வருடத்தில் பலமுறை விதைக்கலாம்.

முழுவதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் மூன்று தரமாக விதையுங்கள். இலை தொடர்ந்து கிடைப்பது ஒரு பயன். மழை ஒரு பாத்தியை அழித்தாலும் அடுத்தது மிஞ்சும் என்பது மற்றப் பயன். 2024 நவம்பர்க் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பலநாள் நின்றது. அந்த வருடம் நான் பொங்கலுக்குப் பிடுங்கிய மல்லி, வெள்ளம் வடிந்த பின் மார்கழியில் விதைத்த இரண்டாம் தரம்.

விதையைச் சோதித்துப் பாருங்கள்

கறித்தூளுக்கு வாங்கும் மல்லியையே விதைக்கலாம். ஆனால் அதில் பழையதும் இருக்கும், அதிகம் சூடு பட்டதும் இருக்கும். வறுத்தது ஒருபோதும் முளைக்காது. ஆகவே விதைக்க முன்னர் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். 20 மல்லியை எண்ணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் பத்து நாள் வைத்திருங்கள். 12க்கு மேல் முளைத்தால் நம்பி விதைக்கலாம். ஐந்தாறு மட்டும் முளைத்தால் வேறு கடையில் வாங்குங்கள்.

நாம் மல்லி விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் முதுகை வெளியே காட்டி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பலகையில் பரப்பி, போத்தலை அல்லது உருளைக்கட்டையை மெதுவாக உருட்டினால் இரண்டாகப் பிரியும். நசுங்கித் தூளாகக் கூடாது. பிறகு ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, நிழலில் ஈரம் உலர்த்தி விதையுங்கள். உடைக்காமல் விதைத்தாலும் முளைக்கும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு நாற்றாக நெருங்கி நிற்கும், முளைக்க நாளும் கூடும். ஊறவைத்த விதை ஏழு நாள் தொடக்கம் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். "ஒன்றும் வரவில்லை" என்று ஐந்தாம் நாளே பாத்தியைக் கிளறிவிடாதீர்கள்.

பாத்தியும் சாக்கும்

மல்லிக்கு ஆணிவேர். பிடுங்கி நட்டால் அந்த வேர் முறிந்து, செடி பயந்தது போல உடனே பூக்கத் தொடங்கும். நாற்றுமேடை போட வேண்டாம், நிற்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள்.

மாரியில் தண்ணீர் தேங்காதபடி அரை அடியாவது உயர்ந்த மேட்டுப்பாத்தி வேண்டும். மூன்றடி அகலம் இருந்தால் இரு பக்கமும் நின்று கை எட்டும். பத்தடி நீளமான அப்படியொரு பாத்திக்கு இலைக்காக மூன்று மேசைக்கரண்டி விதை போதும். மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, இரண்டு வாளி நன்கு உக்கிய கூட்டெருவைக் கலந்து, எட்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை கீறுங்கள். அரை அங்குல ஆழத்தில் விதையைத் தூவி மண்ணால் மூடுங்கள். மேலே மெல்லியதாக வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்புங்கள். கோழி உள்ள வீடென்றால் முளைத்து நாலு விரல் உயரும்வரை பழைய மீன்வலையால் அல்லது கிடுகால் பாத்தியை மறைப்பது அவசியம்.

மட்டக்களப்புப் பகுதி போன்ற மணல் தரையில் கூட்டெருவை இரட்டிப்பாக்குங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கத் தும்புச்சோறும் உதவும்.

எங்கள் பின்வளவில் ஒரு அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். இருப்பது உறவினரின் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையும், சீமெந்து போட்ட சிறு முற்றமும்தான். என்னுடைய பாத்தியைப் பார்த்துவிட்டு, "உதெல்லாம் காணி உள்ள ஆக்களுக்குத்தான் தங்கச்சி, எனக்கு வாய்க்காது" என்றார்.

"காணி வேண்டாம் அக்கா, நாலு சாக்கு இருந்தால் காணும்" என்றேன்.

பசளை வந்த பழைய சாக்குகளை நன்றாகக் கழுவி, விளிம்பை வெளிப்புறமாக மடித்து ஒரு அடி உயரமாக்கினோம். அடியில் நாலைந்து துளை இட்டோம். மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு கலந்து நிரப்பினோம். காலை வெயில் படும், மத்தியானத்துக்குப் பின் சுவரின் நிழல் விழும் இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தார். மல்லிக்கு நாலைந்து மணிநேர வெயில் போதும். அப்படிப் பிற்பகல் நிழல் கிடைக்கும் இடத்தில் அது பூப்பதும் தாமதிக்கும். கொழும்பில் மாடி வீடுகளில் இருப்பவர்களும் இதே முறையில் செய்யலாம்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாடிக்கும் சாக்குக்கும் அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மல்லி விதைக்கும் இந்தக் காலமே எமது பகுதிகளில் டெங்கு பரவும் காலமும் ஆகும். தேங்கிய சிரட்டைத் தண்ணீர்கூட நுளம்புக்குப் போதும்.

நீரும் பசளையும்

மல்லிக்குத் தண்ணீர் கொஞ்சமாகவும் அடிக்கடியும் வேண்டும். வாளியால் ஊற்றாமல் பூவாளியால் தெளியுங்கள். காலையில் தெளிப்பது நல்லது. மாலையில் தெளித்தால் இரவு முழுக்க இலை ஈரமாக நின்று பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட பின்னர், தை மாதத்தில், ஒரு நாளும் மண் வறளவிடாதீர்கள். ஒரு நாள் வாட்டம், ஒரு வார இலையைக் குறைக்கும்.

செடிகள் இரண்டு அங்குல உயரமானதும் ஐதாக்குங்கள். இலைக்கு இரண்டு அங்குல இடைவெளி போதும். விதைக்கு விடப்போகும் பகுதியில் ஆறு அங்குலம் வேண்டும். பிடுங்கிய பிஞ்சுச் செடிகளைக் கழுவிச் சம்பலுக்குள் போடலாம், எதுவும் வீணில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீங்கியதை நாம் மறக்கவில்லை. திடீர்த் தடையால் விவசாயிகள் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் வீட்டு மல்லிப் பாத்திக்கு யூரியா தேவையே இல்லை என்பது என் அனுபவம். யூரியா போட்ட மல்லி கொழுத்து வளரும், மணம் குறையும், பூச்சியும் தேடி வரும். இன்னொரு காரணமும் உண்டு. எமது குடாநாடு சுண்ணக்கல் நிலம். தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் குடிக்கும் நீரும் ஒரே நிலத்தடியிலிருந்து வருகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சும் பசளை நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் கூடாதது. கிணற்றடியில் தோட்டம் செய்யும் பெண்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே மாட்டெருவையும் கிளிசரிடியா இலையையும் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவிட்டு, அந்தச் சாற்றைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு முறை இலை வெட்டிய பின்னும் மண்ணில் மட்டும் ஊற்றுகிறேன். ஊறும் வாளியை மூடி வைக்க மறக்க வேண்டாம். இலை உண்ணும் பயிர் என்பதால் அந்தச் சாறு இலையில் படக்கூடாது.

பூச்சியும் நோயும்

வீட்டுத்தோட்டத்து மல்லிக்குப் பெரிய நோய்கள் குறைவு. முளைத்த நாற்று அடியில் கறுத்துச் சாய்ந்தால், ஈரம் கூடிவிட்டது என்று பொருள். விதை நெருக்கத்தைக் குறைத்து, நீர் வடிய வழி செய்யுங்கள். தை, மாசியில் குருத்திலும் பூந்தண்டிலும் அழுக்கணவன் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். ஆரம்பத்திலேயே தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிட்டால் பாதி ஒழியும். மிஞ்சியதற்கு வேப்பம் விதையை இடித்து ஓரிரவு ஊறவிட்டு வடித்த சாற்றில் சிறிது சவர்க்காரம் கரைத்துத் தெளிக்கலாம். இலையில் மா தூவியது போல வெண்மை படர்ந்தால் அந்த இலைகளை வெட்டி அகற்றி, காற்றுப் புக இடம் விடுங்கள்.

வண்டெல்லாம் எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். மல்லி பூக்கும்போது தேனீயும், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும் தேடி வருகின்றன. மிளகாய்ப் பாத்திக்கும் கத்தரிப் பாத்திக்கும் நடுவே பத்துப் பூத்த மல்லி நிற்பது அந்தப் பயிர்களுக்கும் காவல்.

இலை கொய்யும் முறை

விதைத்து 35 முதல் 45 நாளில், செடி ஒரு சாண் உயரத்தில் நிற்கும்போது இலை வெட்டலாம். வேரோடு பிடுங்கினால் ஒரு முறைதான் கிடைக்கும். நடுக்குருத்தை விட்டு, சுற்றியுள்ள முதிர்ந்த இலைகளைத் தண்டோடு கத்தரிக்கோலால் வெட்டினால் இரண்டு, மூன்று முறை வெட்டலாம். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். விடியற்காலையில் வெட்டினால் வாடாது. தண்டின் அடியைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இரண்டு நாள் பசுமையாக இருக்கும்.

அகன்ற இலைகளுக்குப் பதிலாகச் சதகுப்பை இலை போல மெல்லிய இலைகள் வரத் தொடங்கினால், செடி பூக்கத் தயாராகிவிட்டது என்று அறியலாம். அதன் பிறகு வெட்டும் இலையில் சுவை இருக்காது.

எதை விதைக்கு விடுவது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான்.

பாத்தியில் முதலில் பூக்கும் செடியைக் கண்டதும் எமக்கு ஒரு மகிழ்ச்சி. "இது விதைக்கு நிற்கட்டும்" என்று அதை விட்டுவிட்டு, மற்றவற்றைப் பிடுங்கிச் சமைத்துவிடுகிறோம். ஊரில் அநேகமானோர் இப்படித்தான் செய்கிறார்கள். கடையில் வாங்கும் மல்லியோ விதைக்காகவே பயிரிடப்படுவது, விரைவில் பூத்துக் காய்க்கும் இனங்கள். அதிலும் முந்திப் பூத்ததைத் தேர்ந்து விதை எடுத்தால், வருடத்துக்கு வருடம் இன்னும் அவசரமாகப் பூக்கும் மல்லியே எமக்கு மிஞ்சும்.

பழைய தோட்டக்காரியான என் மாமி இதை ஒரே வார்த்தையில் சொல்லுவார்: "முதல் பூக்கிறவள் அவசரக்காரி, பிள்ளை. அவளின்ரை பிள்ளையளும் அவசரக்காரியள்தான். பொறுமையாய் நிக்கிறவளை விதைக்கு விடு."

மாமி சொன்னபடி முதல் மாரியிலிருந்தே செய்கிறேன். முந்தித் தண்டு எறியும் செடிகளைப் பூ விரிய முன்னரே பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துவிடுவேன். மல்லியில் தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றதுக்குக் கொண்டுபோகும். ஆகவே அவசரக்காரியைப் பூக்க விட்டால் அவளுடைய குணம் மற்றவற்றின் விதையிலும் கலந்துவிடும். அகன்ற இலையோடு, நல்ல மணத்தோடு, கடைசிவரை பூக்காமல் நிற்பவற்றைப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டி வைப்பேன். அவற்றில் இலை வெட்டுவதில்லை. ஒன்றிரண்டை மட்டும் விட்டால் இனம் நலிந்துபோகும். குறைந்தது பத்து, பன்னிரண்டு செடிகளாவது நிற்க வேண்டும்.

கடை மல்லியில் தொடங்கிய முதல் மாரியில் 35ஆம் நாளே பாத்தியில் பாதி தண்டு எறிந்தது. மூன்று மாரி இப்படித் தேர்ந்தெடுத்த பின், 45ஆம் நாளிலும் பெரும்பாலானவை இலையோடு நின்றன. வெயில் கூடிய வருடத்தில் இது சற்று மாறும். ஆனாலும் பத்து நாள் இலை என்பது இன்னொரு முழு வெட்டு. வாங்கிய விதையைவிட எமது முற்றத்து விதை எமது மண்ணையும் வெயிலையும் பழகிக்கொள்கிறது.

விதை அறுவடை

பச்சை மல்லிக் காயை நசுக்கி முகர்ந்தால் மூட்டைப்பூச்சி நாற்றம் போல ஒரு நெடி இருக்கும். முற்ற முற்ற அந்த நெடி மறைந்து, நாம் அறிந்த இனிய மணம் வரும். ஆகவே மூக்கே நல்ல அளவுகோல். குடைபோன்ற கொத்துகளில் பாதிக்கு மேல் பழுப்பு நிறமானதும், விதைத்து 100 நாள் அளவில், வெட்டுங்கள். முழுவதும் காயும்வரை காத்திருந்தால் விதை நிலத்தில் கொட்டிவிடும். பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் வெட்டினால் உதிராது.

தண்டோடு கட்டி, கொத்துகளைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பிறகு உறையோடு சேர்த்துக் கசக்கி, சுளகில் புடைத்து எடுக்கலாம். விதைக்கு வைப்பதைச் சீமெந்துத் தரையில் கொதிக்கும் வெயிலில் போடக்கூடாது. முளைக்கும் சக்தி போய்விடும். நன்றாகக் காய்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, வருடத்தை எழுதி ஒட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். அடுத்த மாரிக்கும், அதற்கடுத்த மாரிக்கும் அது முளைக்கும்.

பன்னிரண்டு செடியில் எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரைக் கோப்பை விதை. ஒரு வருடக் கறித்தூளுக்கு இது காணாது. அதற்கு இன்னமும் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அடுத்த வருட விதைப்புக்குப் போதும், நாலு வீட்டுக்குக் கொடுக்கவும் போதும்.

சமையலறையில்

யாழ்ப்பாணத்துச் சமையலில் கறிவேப்பிலைக்கு இருந்த இடம் மல்லி இலைக்கு இருந்ததில்லை. முஸ்லிம் சகோதரிகள் புரியாணிக்கும் மற்றக் கறிகளுக்கும் அதைத் தாராளமாகப் பாவிப்பார்கள். இலை கையில் இருந்தால் நாமும் பழகிவிடுவோம். ஒரு பிடி மல்லி இலை, இரண்டு பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம், ஒரு கை தேங்காய்ப்பூ, உப்பு ஆகியவற்றை அரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டால் இடியப்பத்துக்கும் தோசைக்கும் நல்ல சம்பல். இரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே இலையைப் போடுங்கள், கொதித்தால் மணம் போய்விடும்.

இலையில் கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டினும், உயிர்ச்சத்து சியும், கேயும் உண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள், உயிர்ச்சத்து கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், மல்லி இலையைத் திடீரென்று அதிகமாக உண்ணாமல் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சில பிள்ளைகள் மல்லி இலையைக் கண்டதும் "சவர்க்கார மணம்" என்று தள்ளிவிடுவார்கள். அது அடம் அல்ல. மணத்தை உணரும் பரம்பரை அலகில் உள்ள வேறுபாட்டால் சிலருக்கு அப்படித்தான் தெரியும். அவர்களுக்கு அடித்துத் தீத்த வேண்டாம். அரைத்துச் சம்பலாகக் கொடுத்தால் சிலர் ஏற்றுக்கொள்வார்கள்.

மல்லியும் வேர்க்கொம்பும் அவித்து, பனங்கட்டியோடு குடிப்பது தடிமனுக்கு இதமானது. தொண்டைக்குச் சுகம், உடம்பில் நீரும் சேரும். ஆனால் மாரி காலத்துக் காய்ச்சலை மல்லித் தண்ணீரோடு வீட்டில் வைத்திருக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் வைத்தியசாலைக்குப் போய் டெங்குக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுவலி, இரத்தக் கசிவு இருந்தால் அதற்கு முன்னரே போக வேண்டும்.

கைக்காசு

பின்வளவு அக்கா நாலு சாக்கோடு தொடங்கியவர், அடுத்த மாரியில் இருபது சாக்கு வைத்தார். விதை என் போத்தலிலிருந்து கொடுத்தேன். மாதக் கடைசியில் மற்றவர்களிடம் கை நீட்ட வேண்டிய நிலை அவருக்கு எப்போதும் பெரிய மனக்கஷ்டம். சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடைக்கும் இரண்டு பலசரக்குக் கடைக்கும் சேர்த்து வாரத்தில் இருபது கட்டு கொடுத்தார். ஒரு கட்டு 50 ரூபா. ஐந்து வாரத்தில் 5,000 ரூபா. செலவு என்று போனது கட்டுவதற்கான வாழைநாரும், தும்புச்சோறும்தான்.

பெரிய பணம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காசில் மூத்த மகளுக்கு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான கடந்தகால வினாத்தாள் புத்தகங்களையும், ஒரு சோடிச் சப்பாத்தையும் வாங்கினார். "ஒருத்தரிட்டையும் கேக்காமல் வாங்கினது தங்கச்சி" என்று அவர் சொன்னபோது அந்த 5,000 ரூபாவின் பெறுமதி எனக்கு விளங்கியது.

விற்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்: விதைக்க முன்னரே கடைக்காரரிடம் பேசி, எந்த நாளில் எத்தனை கட்டு வேண்டும் என்று கேளுங்கள். சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள். கட்டின் அளவைக் குறைக்காதீர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் கொண்டுபோனால் விலை விழும். அயலில் நாலு பேர் சேர்ந்து முன்பின்னாக விதைத்தால் எல்லோருக்கும் விலை கிடைக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

இப்போது எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டில் மல்லி நிற்கிறது. எல்லாம் சிவப்பு நூல் கட்டிய செடிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். யாரும் விதையை விலைக்குக் கொடுப்பதில்லை. வாங்கியவர் அடுத்த மாரிக்கு முன் ஒரு கரண்டி விதையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

சகோதரிகளே, வரும் கார்த்திகையில் உங்கள் சமையலறைப் போத்தலிலிருந்து ஒரு பிடி மல்லியை எடுத்து, முதலில் அந்த ஈரத்துணிச் சோதனையைச் செய்து பாருங்கள். முளைத்தால் ஒரு சாக்கிலாவது விதையுங்கள். இலையை உண்ணுங்கள், முந்திப் பூப்பதைக் கறிக்கு எடுங்கள், கடைசியாகப் பூப்பதை விதைக்கு விடுங்கள்.